எம்.எஸ். வச்சுக்கிட்டு யுடிஐடி கார்டு வாங்கினேன், மூணு மாசம் வீணாப்போச்சு

எனக்கு மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ், சுருக்கமா எம்.எஸ்., அதாவது மூளை, தண்டுவட நரம்பைப் பாதிக்கிற நோய்னு தெரிஞ்சு ஆறு வருஷம் ஆச்சு. 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்துல இருக்கிற 21 வகைக் குறைபாட்டுல இதுவும் ஒண்ணுன்னு போன வருஷம்தான் தெரியும், அதுவும் ஊசி போட்டுக்கப் போன இடத்துல பக்கத்து பெட் அக்கா சொல்லித்தான். யுடிஐடிங்கறது மாற்றுத்திறனாளிகளுக்கான அடையாள அட்டை; ஆதார், போட்டோ, கையெழுத்து எல்லாம் ஏத்தி ஆன்லைன்ல அப்ளை பண்றது அரைமணி நேர வேலை. அந்த அரைமணி நேரத்துலதான் நானும் தப்பு பண்ணேன்.

என்ன குறைபாடுன்னு ஒரு லிஸ்ட் வரும். இடது கால் இழுக்குது, நடக்கத்தானே கஷ்டம்னு நான் லோகோமோட்டர், அதாவது கை கால் அசைவுக் குறைபாடுன்னு கிளிக் பண்ணிட்டேன். எலும்பு டாக்டர்கிட்ட அனுப்பிட்டாங்க. விடியக்காலைல கிளம்பிப் போய் டோக்கன் வாங்கி உக்காந்தா, அவர் முட்டியை மடக்கி நீட்டிப் பாத்துட்டு "எலும்பெல்லாம் நல்லாத்தாம்மா இருக்கு, நீங்க நியூரோவுலதான் காட்டணும்"னு சொல்லிட்டார். அவர் மேல தப்பில்ல. ஆனா அந்த ஆஸ்பத்திரில நியூரோ டாக்டரே கிடையாது, மெடிக்கல் காலேஜுக்குத்தான் போகணும், அங்கயும் சர்டிஃபிகேட்டுக்குன்னு பாக்கறது வாரத்துல ஒரே நாள். தயவுசெஞ்சு லிஸ்ட்டை முழுசா படிங்க, எம்.எஸ். தனியாவே இருக்கு. தமிழ் ஃபார்ம்ல "தண்டுவட மரப்பு நோய்"னு போட்டிருப்பாங்க, அது என் நோயோட பேருன்னே எனக்குத் தெரியல.

திருத்தி அப்ளை பண்ணி மெடிக்கல் காலேஜுக்குப் போனேன். கவுன்டர்ல இருந்தவர் ஏற இறங்கப் பாத்துட்டு "ஏம்மா, நல்லாத்தானே நடந்து வர்றீங்க, நிஜமாவே முடியாதவங்க எத்தனை பேர் நிக்கறாங்க பாருங்க"ன்னு அத்தனை பேர் முன்னாடி கேட்டுட்டார். இப்ப நினைச்சாலும் நெஞ்சு எரியுது. காலைல எட்டு மணிக்கு நான் நடப்பேன், உடம்பு சூடானா எம்.எஸ். மோசமாகும், மத்தியானம் பாத்தா தெரியும்னு சொல்ல வாயெடுத்தேன், அழுகைதான் வந்துச்சு. உள்ள டாக்டர் மேடம் எம்.ஆர்.ஐ.யைப் பாத்தாங்க. "நோய் இருக்குன்னு இதுல தெரியுது, உங்களால என்னென்ன முடியலன்னு எதுலயுமே எழுதலையே"ன்னாங்க. குறைபாடு எத்தனை சதவீதம்னு போடறதே அதை வச்சுத்தானாம். திரும்பவும் வெறுங்கையோட வீடு.

அதனால எனக்கு வைத்தியம் பாக்கிற டாக்டர்கிட்ட போய் லெட்டர் கேட்டேன். ரெண்டு வரி எழுதிக் கொடுத்தார், பத்தாதுன்னு உக்காந்துட்டேன். நிக்காம எவ்வளவு தூரம் நடக்க முடியும், எத்தனை தடவை விழுந்தேன், வலது கண் மங்கல், சட்டை பட்டன் போட ஆகிற நேரம் எல்லாம் எழுத வச்சேன். யூரின் அடக்க முடியாததைச் சொல்ல ரொம்பக் கூச்சமா இருந்துச்சு, ஆனா சொல்லிட்டேன். நீங்களும் மறைக்காதீங்க.

மூணாவது தடவை என் பேரைக் கூப்பிடும்போது மணி பன்னெண்டரை தாண்டிருச்சு, வராண்டால காத்தே இல்ல. தம்பி கையைப் புடிச்சுக்கிட்டு உள்ள போய் உக்காந்தப்புறம் மேடம் என் காலைப் பாத்துட்டு "செருப்பு எங்கம்மா?"ன்னாங்க. இடது செருப்பு வாசல்லயே கழண்டு கிடக்கு, எனக்குத் தெரியவே இல்ல. அதுக்கப்புறம் அவங்க அவசரப்படாம லெட்டரை ஒவ்வொரு வரியா படிச்சாங்க. 55 சதவீதம் போட்டாங்க. 40 இருந்தாத்தான் பெரும்பாலான சலுகை, அதனால வெளில வந்து தம்பியும் நானும் ரொம்ப நேரம் பேசவே இல்ல.

அப்புறம் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துல பராமரிப்பு உதவித்தொகைக்கு மனு கொடுத்தேன். பாஸ்புக்ல இனிஷியல் முன்னாடி, ஆதார்ல பின்னாடி, அதுக்கு ஒரு நடை. அதை முதல்லயே சரி பண்ணிக்கோங்க. வேலைக்குப் போறவங்க பழைய வருமான வரி முறைல இருந்தா, மாற்றுத்திறனாளிகளுக்கான கழிவுன்னு வரி போடற வருமானத்துல 75,000 ரூபா கழிக்கலாம், அதையும் விடாதீங்க.

போன மாசம் 2000 ரூபா ஏறிருச்சு. ஆனா எனக்குக் கொடுத்தது தற்காலிகச் சான்று, அஞ்சு வருஷம்தான். கைக்கு வந்ததும் முதல்ல அந்தத் தேதியைப் பாருங்க.