செவ்வாய்க்கிழமை மேஜை: நாட்குறிப்பு

ஆகஸ்ட் 19, செவ்வாய்

இன்று கிளப்புக்குப் போகவில்லை. பொம்மைப் படைகளை மேஜையில் நிறுத்திப் பழைய போர்களை ஆடும் எங்கள் கிளப். ஷிப்ட் முடிந்ததும் நேராக, எங்களோடு ஆடும் பெரியவர் படுத்திருக்கும் வார்டுக்குப் போனேன். விழுங்கும் சோதனையில் இன்றும் தேறவில்லை. வாய்வழியாக எதுவும் தரக்கூடாது என்கிற அட்டை கட்டிலின் தலைமாட்டில் அப்படியே தொங்குகிறது. என் வார்டில் நானே எத்தனையோ பேருக்கு அதை மாட்டியிருக்கிறேன். அவர் தலைக்கு மேல் பார்க்க முடியவில்லை.

பேச்சு வரவில்லை. இடது கை விரலால் போர்வையில் ஒரு பெருக்கல் குறி போட்டார், அதன் மேலேயே ஒரு கூட்டல் குறி. திரும்பத் திரும்ப அதையே போட்டார். எனக்குப் புரிந்துவிட்டது. கொடி.

ஆகஸ்ட் 20, புதன்

தூக்கம் வரவில்லை. மறுபடியும் அந்தக் கொடிதான். 1801-ல் அயர்லாந்தைச் சேர்த்துக்கொண்டபோது பிரிட்டிஷ் கொடியில் செயின்ட் பேட்ரிக்கின் சிவப்புக் குறுக்குக்கோடு ஏறியது. வெல்லெஸ்லியின் பிரிட்டிஷ் படை சிந்தியாவின் மராட்டியப் படையோடு மோதிய அசாயே சண்டை 1803 செப்டம்பர் 23. இங்கிலாந்திலிருந்து மதராஸுக்குக் கப்பல் வந்து சேர ஐந்தாறு மாதம் ஆன காலம். அப்படியானால் 74-ஆம் ரெஜிமென்ட் அன்றைக்குப் பிடித்திருந்தது பழைய கொடியா, புதியதா? குளிர்காலம் முழுக்க இதே பேச்சு. இரண்டு வருஷம் போதாதா என்பேன் நான். அவர் வாழ்நாளெல்லாம் தபால்காரராக இருந்தவர். “தபால் தாமதமாத்தான் வரும். பட்டாளத்துக்கு இன்னும் தாமதம்” என்பார்.

இரண்டையும் காகிதத்தில் அச்சடித்து ஒரே உறையில் வைத்திருக்கிறார். எதையும் ஒட்டவில்லை. 74-இன் கொடிக்காரப் பொம்மைகள் இரண்டும் வெறும் பித்தளைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன.

ஆகஸ்ட் 22, வெள்ளி

இன்று என்னை அடையாளம் தெரிந்தது. அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

அம்மாவுக்குப் போன் செய்தேன். கடைசி பெட்டாலியனுக்கு இன்னும் பெயர் வேண்டும். “இன்னுமாடா முடியல உங்க பட்டாளம்?” என்றாள். ஆனால் சொல்லத் தொடங்கினால் நிறுத்த மாட்டாள். சலவன்பேட்டையில் ஆரம்பித்துக் கொசப்பேட்டை வரைக்கும் தெருத்தெருவாக வந்தாள். மாடு வைத்திருந்த முனுசாமி. தாத்தாவோடு சீட்டாடிய கன்னியப்பன். பீடி சுற்றிக் கொடுத்த கரீம் பாய். மாதா கோயில் மணி அடித்த ஆரோக்கியசாமி. எல்லாரும் செத்துப்போனவர்கள். ஒவ்வொருவரும் எப்படிப் போனார் என்பதையும் சேர்த்துத்தான் சொல்கிறாள்.

பெயர் எழுதும் யோசனை பெரியவருடையது. அசாயேவில் வெல்லெஸ்லியின் பக்கம் செத்தவர்கள் 428 பேர், காயம்பட்டவர்கள் ஆயிரத்துக்கும் மேல். அதிகாரிகளின் பெயர்கள் புத்தகங்களில் கிடைக்கின்றன. சிப்பாய்கள் வெறும் எண்ணிக்கை. “முகம் வரைகிறேன், பெயர் இல்லாமல் எப்படி?” என்று கேட்டார். ஒரு பெட்டாலியனுக்கு 24 பேர், 28 மி.மீ. உயரத்தில். ஒரு பேஸில், அதாவது பொம்மைகளை ஒட்டும் அடித்தட்டில், ஆறு பேர். மதராஸ் காலாட்படை மொத்தம் ஐந்து பெட்டாலியன். ஒவ்வொரு பேஸின் அடியிலும் ஆறு பெயர், தமிழ் எழுத்தில். நான் தாளில் எழுதிக் கொடுப்பேன், அவர் பார்த்துப் பார்த்து வரைவார். முதல் பெட்டாலியனின் எழுத்து கொஞ்சம் கோணல். மூன்றாவதில் “னு” என்னுடையதைவிட அழகாக இருக்கிறது.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

கிளப்பில் மேஜை போட்டார்கள், ஆனால் யாரும் ஆடவில்லை. செயலாளர் டீ போட்டுக் கொடுத்தார். லாரி ஓட்டும் நண்பர் ஒரே குதிரையைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தார்.

போன டிசம்பரில் முதல் பக்கவாதத்தில் பெரியவரின் வலது கை செயலிழந்தபோது, இனி பிரஷ் பிடிக்க மாட்டார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அப்போது டீச்சர் மைக்கேல் பெரியைப் பற்றி அவரிடம் பேசினார். உலகம் முழுக்க இந்த ஆட்டக்காரர்கள் வாங்கும் பொம்மைகளைச் செதுக்கும் பெரி இரட்டையர்களில் ஒருவர். 1996-ல் பழங்காலப் போரை நடித்துக் காட்டும் நிகழ்ச்சியில் பீரங்கி வெடித்து வலக்கை போய்விட்டது. இடக்கையால் செதுக்கப் பழகி இன்றைக்கும் செதுக்குகிறார். பெரியவர் பதில் எதுவும் சொல்லவில்லை. அடுத்த வாரம் இடக்கையால் வண்ணம் தீட்டிய ஒரு மாட்டைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். பீரங்கி இழுக்கும் மாடு. கொம்பில் கொஞ்சம் வழிந்திருந்தது. பொடியன் கைதட்டினான்.

ஆகஸ்ட் 28, வியாழன்

காய்ச்சல் 38.6. நெஞ்சில் சளி இறங்கிவிட்டது. இது எங்கே போய் நிற்கும் என்று தெரிந்த வேலையில் இருக்கிறேன்.

ஆகஸ்ட் 30, சனி

விடிகாலை நாலு மணிக்குப் பெரியவரின் மனைவி, அந்த அம்மா, போன் செய்தார்.

செப்டம்பர் 2, செவ்வாய்

செப்டம்பர் 23 இந்த வருஷம் செவ்வாய்க்கிழமையில் வருகிறது. பொடியன்தான் கண்டுபிடித்தான். அன்றைக்கே அசாயே ஆட வேண்டும் என்று முடிவாகிவிட்டது. யாரும் ஓட்டெடுக்கவில்லை, எல்லாரும் ஒரே நேரத்தில் தலையாட்டினார்கள்.

மிச்சம் இருப்பது: ஒரு பேஸ் சிப்பாய்கள், கொடிகள், கைத்னா ஆறு, இரண்டு கிராமம்.

செப்டம்பர் 7, ஞாயிறு

அவர் வீட்டு மேல்மாடி. சுவர் முழுக்க அடுக்கு. வாங்கி வைத்து இன்னும் தீட்டாததை இங்கே எல்லாரும் ஈயமலை என்பார்கள். இவருடையது உண்மையிலேயே மலைதான். அதைவிட எனக்குக் கவலையாக இருந்தது ஜன்னல் பக்கத்து அலமாரி. ஓக் மரம். எழுபதுகளில் வாங்கிய பழைய ஈயப் பொம்மைகளை அதில்தான் வைத்திருக்கிறார். ஓக் மரத்திலிருந்து கசியும் அசிட்டிக் அமில ஆவி ஈயத்துக்கு ஆகாது. மேல்தட்டை இழுத்ததும் தெரிந்தது. ஒரு பிரஷ்யப் படைப்பிரிவின் கணுக்கால்களில் மாவு மாதிரி வெள்ளைப் பூச்சு. ஈயம் கார்பனேட்டாக மாறிக்கொண்டிருக்கிறது. கையுறை போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்து பிளாஸ்டிக் பெட்டிக்கு மாற்றினேன். சிலவற்றின் கால் கையோடு வந்துவிட்டது. முக்கால்வாசி தப்பித்தது.

அந்த அம்மாவுக்கு ஒரு வியாபாரி போன் செய்திருக்கிறான். மொத்தமாக எடைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்றானாம். எடைக்கு! சாவு நடந்து பத்து நாள் ஆகவில்லை. “நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம், இனி அவன் போன் வந்தா என்கிட்ட குடுங்க” என்று சொல்லிவிட்டு வந்தேன். இரவு வரை ஆத்திரம் அடங்கவில்லை.

செப்டம்பர் 10, புதன்

19-ஆம் லைட் டிரகூன்ஸ். இதை யாரிடமும் சொல்லவில்லை, இங்கே எழுதிவிடுகிறேன். அசாயேவில் 74-ஐக் காப்பாற்றியது இந்தக் குதிரைப்படைதான். மேக்ஸ்வெல் தலைமையில், மதராஸ் குதிரைப்படையோடு சேர்ந்து பாய்ந்தார்கள். அன்று சாயங்காலமே மேக்ஸ்வெல் செத்தும் போனார். மூன்று வருஷம் கழித்து, 1806 ஜூலை 10 காலையில், இதே 19-ஆம் படை ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பியோடு புறப்பட்டு வேலூர்க் கோட்டைக்கு வந்தது. புதுத் தலைப்பாகையை மறுத்து, நெற்றிக்குறியை அழிக்க மறுத்து எழுந்த மதராஸ் சிப்பாய்களை வெட்டிச் சாய்த்தது. அந்தக் கோட்டை அகழி ஓரமாக நடந்துதான் நான் பள்ளிக்கூடம் போனேன். மக்கான் சந்திப்பில் நிற்கிற நினைவுத்தூண் எங்களுக்கு பஸ் ஏறும் இடம்.

பெரியவருக்கு இது தெரியும். அவராகப் படித்து, அவராக என்னிடம் கேட்டார். “குதிரைகளை நீ தீட்டுகிறாயா, இல்லை நான் தீட்டட்டுமா?” நீங்களே தீட்டுங்கள் என்றேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கிளப்பில் யாரோ ஒருமுறை வேலூரையும் ஆடிப் பார்க்கலாமே என்றபோது, “அது மேஜைக்கு வரக்கூடாது” என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். தூங்கிக்கொண்டிருந்தவர்களையும் சரணடைந்தவர்களையும் கொன்ற நாள் அது, இரண்டு பக்கமும். ஆட்டத்துக்கு ஒரு களம் வேண்டும், வேலூரில் களம் இல்லை என்றார். அவர் சொன்னது சரி. இன்றைக்கும் சரி.

செப்டம்பர் 12, வெள்ளி

தகனம். சட்டைப் பையில் வெல்லெஸ்லி பொம்மையை வைக்கலாமா என்று செயலாளர் கேட்டதற்கு உலோகம் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். பொடியன் மரத்தில் ஒரு பகடை வைத்திருந்தான். அதை வைத்தோம். தபால்காரர்கள் சீருடையோடு நிறையப் பேர் வந்திருந்தார்கள். அவர் தபால் கொடுத்த தெருவிலிருந்தும் வந்திருந்தார்கள். மழை இல்லை.

செப்டம்பர் 15, திங்கள்

கடைசி பேஸ். நைட் ஷிப்ட் முடிந்து வந்து தூங்காமல் உட்கார்ந்தேன். சிவப்புக் கோட்டு ஏற்கெனவே அவர் தீட்டியது, அதில் கை வைக்கவில்லை. வெள்ளை அரைக்கால்சட்டையின் ஓரத்தில் நீல நிறத்தில் ஊசி ஊசியாக ஒரு வரிசை வரும். ஒரு தொடையைச் சுற்றி ஏழெட்டு முக்கோணம், ஒவ்வொன்றும் அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. அவர் முறை இது: முக்கோணமாக வரையக்கூடாது. முதலில் நீலப் பட்டை போட்டுவிட்டு, வெள்ளையால் மேலிருந்து கீறிக்கொண்டே வரவேண்டும், மூச்சை வெளியே விடும்போது மட்டும். தோலுக்கு மூன்று குப்பி, ஆறு பேருக்கும் வேறு வேறு கலவை. கடைசி ஆளுக்கு என் மாமாவின் நிறம் வந்துவிட்டது.

அம்மாவிடம் சொன்னேன். “அவரு பேரையும் எழுதிடு” என்றாள்.

செப்டம்பர் 16, செவ்வாய்

அந்த அம்மாவிடம் கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். “சிப்பாய் வேண்டாம். அவர் யாரையும் சுட்டதில்லை. காலமெல்லாம் சுமந்துகொண்டு நடந்தவர். அந்த மாட்டுக்காரர்களோடு வையுங்கள்” என்றார்.

வைத்துவிட்டேன். கொம்பில் வண்ணம் வழிந்த மாட்டின் பேஸுக்கு அடியில், தமிழில்.

செப்டம்பர் 20, சனி

பழைய கொடியையே ஒட்டினேன். காகிதத்தின் பின்பக்கம் பிவிஏ பசை தடவி, கம்பியைச் சுற்றி மடித்து, ஈரம் காய்வதற்குள் பென்சிலில் சுருட்டி அலை கொடுத்தேன். வெட்டிய ஓரத்தில் தெரிகிற வெள்ளைக்கும் வண்ணம் கொடுத்தாயிற்று. தபால் தாமதம் என்று அவர் சொன்னதுதான் நியாயமாகப் படுகிறது. புதிய கொடி உறையிலேயே இருக்கட்டும்.

செப்டம்பர் 23, செவ்வாய்

இப்போது மணி ஒன்று. இரண்டு மேஜையை ஒட்டிப் போட்டிருந்தோம். இந்த ஓரத்தில் கைத்னா, அந்த ஓரத்தில் ஜுவா ஆறு, நடுவில் சிந்தியாவின் தளபதி போல்மனின் காலாட்படை, சுமார் நூறு பீரங்கிக்குப் பதிலாக மேஜையில் பதினாறு. லாரிக்காரர் போல்மன். செயலாளர் நடுவர். டீச்சரிடம் குதிரைப்படை, பொடியனிடம் 74, என்னிடம் மதராஸ் பெட்டாலியன்கள். ஆற்றின் இரண்டு கரையிலும் எதிரெதிரே கிராமம் இருந்தால் நடுவில் கடக்கும் துறை இருந்தே தீரும் என்று வெல்லெஸ்லி ஊகித்த இடத்திலேயே கடந்தோம். பீரங்கி மாடுகளைக் கரையிலேயே விட்டுவிட்டோம், அன்றும் அப்படித்தான் ஆனது, இழுக்கிற மாடுகள் குண்டடிபட்டு விழுந்துவிட்டன. அவருடைய மாட்டை யாரும் எடுக்கவில்லை. செயலாளர் விதியே போட்டுவிட்டார்.

பொடியனுடைய கட்டளைப் பகடை கெட்டுப்போனது. 74 தானாகவே அசாயே கிராமத்தை நோக்கி நகர்ந்தது. அன்று ஆரக் என்ற அதிகாரி செய்த அதே பிழை, யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. அடுத்த சுற்றில் பீரங்கி. முதல் பேஸை எடுக்கும்போது அவன் அதைத் திருப்பிப் பார்த்தான். “இதில் பேர் இருக்கு” என்றான்.

எங்களுக்குத் தெரியாது. சிப்பாய்களின் அடியில் இருப்பது எனக்குத் தெரியும், 74-இன் அடியிலும் எழுதியிருக்கிறார் என்று ஒருவருக்கும் தெரியாது. ஆங்கிலத்தில், தபால் உறையில் எழுதுகிற கொட்டை எழுத்தில். கிளப்பில் இருந்து இறந்துபோனவர்கள். நான் சேருவதற்கு முன்பே போனவர்கள் பாதிப் பேர். செயலாளர் வாங்கி உரக்கப் படித்தார். மூன்றாவது பெயரில் லாரிக்காரர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அவருடைய அண்ணன். இந்தக் கிளப்புக்கு அவரைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தவர்.

அதற்குப் பிறகு எடுத்த ஒவ்வொரு பேஸையும் திருப்பிப் படித்தோம். என்னுடைய முறை வந்தபோது நான் படித்தேன். முனுசாமி. கன்னியப்பன். கரீம். ஆரோக்கியசாமி. டீச்சர் ஒவ்வொரு பெயரையும் திருப்பிச் சொல்லிப் பார்த்தார். பக்கத்து மேஜையில் டாங்கி ஆடிக்கொண்டிருந்தவர்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டு வந்து நின்றார்கள். டிரகூன்ஸ் பாய்ந்தது, 74-இல் ஒரு பேஸ் மிஞ்சியது, கொடி இருந்த பேஸ். ஜெயித்தது யார் என்று கேட்டால், நேரம் முடிந்து ஹால் விளக்கை அணைக்கச் சொன்னபோது போல்மன்தான் முன்னால் இருந்தார்.

செப்டம்பர் 25, வியாழன்

அம்மாவுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். கன்னியப்பனை முதலிலேயே சாகடித்துவிட்டேனாம், கோபம். ஒரு பெயரை விட்டுவிட்டாளாம், தண்ணித்தொட்டித் தெரு ராஜம்மா. பெண் பெயர் பட்டாளத்தில் எப்படி என்றேன். “சோறு பொங்கிப் போடறவங்க போகலையா?” என்றாள். போனார்கள். முகாமைப் பின்தொடர்ந்து ஆயிரக்கணக்கில் போனார்கள். யாரும் அந்தப் பொம்மைகளை வைப்பதில்லை.

செப்டம்பர் 30, செவ்வாய்

ஈயமலை கிளப்புக்கே வருகிறது. அந்த அம்மா எழுதிக் கொடுத்துவிட்டார். வியாபாரிக்கு நானே போன் செய்து சொல்லிவிட்டேன்.

எதிர்ப்பக்கத்துக்கு ஏன் பெயர் இல்லை என்று பொடியன் கேட்டான். பெரியவர் அதுவரைக்கும் வரவில்லை. சிந்தியாவின் காலாட்படையில் அவத் பக்கத்து ஆட்கள் நிறைய. கிராமம் இருப்பது ஜால்னா மாவட்டத்தில். எங்கள் வார்டில் லக்னோக்காரர் ஒருவர் இருக்கிறார், மராட்டிப் பெண் ஒருத்தியும் இருக்கிறாள். நாளை நைட்டில் இரண்டு பேரும் டியூட்டி. கேட்க வேண்டும்.