மாரி நாட்குறிப்பு: 72, 80, 88

நவம்பர் 16

விடிய முன்னமே தொடங்கின மழை. கொக்கியில் பின்னும் போர்வை கரைக்கு வந்துவிட்டது, இனிச் சுற்றி ஓடும் வரிகள்தான். மயில் நீலத்தில் முழுப் பந்து ஒன்றுகூட இல்லை. லொட், அதாவது ஒரே தரத்தில் சாயம் போட்ட தொகுதி, 4418. அதே லொட்தான் வேணும் என்று கொழும்புக் கடைக்குச் சொல்லியாயிற்று.

நவம்பர் 17

மிச்ச நூல் காணுமா காணாதா என்று பந்தைக் கையில் உருட்டிப் பார்த்துச் சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை. தராசுதான் சொல்லும். டபுள் (உயரக் கண்ணி) சுற்று ஒன்று தொடங்க முன் பந்து 48 கிராம், முடிய 31. அப்போ 75 செ.மீ. சதுரத்தைச் சுற்றி ஒரு டபுள் வரிக்கு 17 கிராம். அடுத்த வரியில் மூலைக்கு மூலை கண்ணி கூடும், 18 என்று வைக்கலாம். மிஞ்சுவது 13. அதில் இன்னொரு டபுள் வராது. சிங்கிள் (கட்டைக் கண்ணி) என்றால் பாதிக்குக் கொஞ்சம் மேலே, 10 கிராமுக்குள் முடியும்.

மூலையில் இரண்டு டபுள், இரண்டு சங்கிலி, இரண்டு டபுள். பக்கத்தில் கண்ணிக்குக் கண்ணி. கரை அலை அலையாய் எழும்பினால் பக்கத்தில் கண்ணி கூடிவிட்டது. உள்ளே மடிந்தால் மூலையில் குறைந்துவிட்டது. இரண்டையும் தண்ணீரில் நனைத்து இழுத்து ஊசி குத்திச் சரிப்படுத்தலாம் என்று சொல்வார்கள். ஒரு தோய்ப்போடு பழையபடி வந்துவிடும், அவிழ்ப்பதுதான் வழி.

நவம்பர் 18

பெறாமகளின் கோல் இல்லை.

நவம்பர் 19

பிறக்கப் போகும் பிள்ளைக்குத் தொப்பிக் கணக்கு. 4 பிளை பேபி நூல், 3.25 மி.மீ. ஊசி, தோய்த்துக் காயவிட்ட மாதிரித் துண்டில் 10 செ.மீ.க்கு 28 கண்ணி, 36 வரி. தோய்க்காமல் அளந்தால் 29, 30 என்று காட்டும். அந்தக் கணக்கில் ஏற்றினால் தொப்பி பெருத்துவிடும்.

தலையின் சுற்றளவில் இருந்து 2 செ.மீ. கழிக்க வேணும், அந்த இறுக்கத்தில்தான் தொப்பி தலையில் நிற்கும். மிஞ்சியதை 2.8 ஆல் பெருக்கி, 8 ஆல் பிரிபடும் பக்கத்து எண்ணுக்குக் கொண்டுவர வேணும். உச்சியில் எட்டுத் துண்டாய்க் குறைக்கப் போவதால் 8. ஓரத்தில் வரும் இரண்டு-இரண்டு ரிப்புக்கு (இழுபடும் வரிப் பின்னல்) 4 ஆல் பிரிபட வேணும், அதுவும் தானாகவே சரிவரும்.

28 செ.மீ. தலைக்கு 72. 31க்கு 80. 34க்கு 88.

வயிற்றுப் பிள்ளையின் ஸ்கேன் துண்டைப் பெறாமகள் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். எச்.சி. (தலைச் சுற்றளவு) 278 என்று இருக்கிறது, மில்லிமீற்றரில். ஆனால் அது பழைய துண்டு. அந்த வயதில் தலை கிழமைக்கு ஒரு செ.மீ. அளவில் வளரும். அப்போ 72 இல்லை. 80ஆ?

"பெரியம்மா, அதெல்லாம் இப்ப கேக்க ஏலா" என்றாள். சரிதான்.

நவம்பர் 20

தராசில் அதே பந்து இன்று 32. யாரும் தொடவில்லை.

பருத்தி காற்றின் ஈரத்தைக் குடிக்கும். சாதாரணக் காற்றிலேயே அதன் எடையில் நூற்றுக்கு 7, 8 பங்கு ஈரம்தான். இந்த மாதத்தில் வாவிக்கரையில் அதுக்கும் மேலே. கம்பளி இன்னும் மோசம், 16 பங்கு வரை. அக்ரிலிக் ஒன்றரை, இரண்டுக்கு மேலே போகாது. ஆகவே மாரியில் நிறுத்த பருத்தி நூலின் எடையை நம்பி மீற்றர்க் கணக்குப் போட்டால் கடைசி மூலையில் நூல் அறுந்து நிற்கும்.

பந்தைத் தகர டப்பாவில் போட்டு, மூடாமல், சோறு வடித்த அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தேன். பின்னேரம் 29.

29இல் 18 போனால் 11. சிங்கிளுக்கு 10.

நவம்பர் 21

11 போதுமா என்று இரவு முழுக்க. கடைக்காரர் "அனுப்பியாச்சு" என்கிறார், என்ன லொட் என்று கேட்டால் பதில் இல்லை.

நவம்பர் 22

உப்புக் காற்றும் மழையும் சேர்ந்தால் உருக்குக் கொக்கிக்குக் கேடு. 1.25, 1.5, இரண்டின் வாயிலும் மண்ணிறப் புள்ளி. லேஸ் நூலில் அந்தப் புள்ளி பட்டால் துரு பரவும். கொக்கியை மிக நைசான உப்புத்தாளால் நீளவாக்கில் தேய்க்க வேணும். குறுக்கே தேய்த்தால் கீறல் விழுந்து நூலைப் பிடிக்கும். பிறகு தையல் மெசின் எண்ணெய் ஒரு சொட்டு, பழைய துணியால் முழுக்கத் துடைத்து, வெள்ளை நூல் மிச்சத்தில் நாலு வரி போட்டுப் பார்த்த பின்தான் வேலைத் துண்டைத் தொடலாம்.

நூலில் ஏற்கெனவே துரு ஏறியிருந்தால் தேசிக்காய்ப் புளியும் உப்பும் தடவி வெயிலில் வைத்து அலச வேணும். வெயிலுக்கு எங்கே போவது. குளோரின் வெளிற்றி போடக்கூடாது, துரு இன்னும் ஊறிப் பிடிக்கும்.

மூங்கில் ஊசி ஈரத்தில் சொரசொரப்பாகிவிட்டது. அதுக்கும் உப்புத்தாள், பிறகு மெழுகு. வியர்வைக் கைக்குப் பவுடர் பூசுகிறவர்கள் இருக்கிறார்கள். இந்தக் காற்றில் அது களியாகி நூலில் ஏறும். கையைக் கழுவித் துடைப்பதே நல்லது.

நவம்பர் 23

சுவிஸ் புல்லோவர். நெடுநாளாய் அலுமாரியில் கிடந்தது, ஃபெல்ட் (இறுக்கிய கம்பளித் துணி) ஆக்க மழைத் தண்ணீருக்காகத்தான் வைத்திருந்தேன்.

ஃபெல்ட் என்று கடையில் வாங்கும் தாள் பொலியெஸ்ரர், பள்ளிக்கூடத்துப் பூ வெட்ட அது போதும். உண்மையான ஃபெல்ட்டுக்குக் கம்பளிதான் வேணும். கம்பளி இழையின் மேலே செதில் இருக்கும். சூடும் ஈரமும் பட்டால் செதில் விரியும், தேய்த்தால் ஒன்றுக்குள் ஒன்று கொளுவி இறுகும், பிறகு அவிழாது. அக்ரிலிக்கை எவ்வளவு தேய்த்தாலும் இது நடக்காது. லேபிளில் "மெசினில் தோய்க்கலாம்" என்று போட்ட கம்பளியும் வேண்டாம், செதிலை மழுங்கடித்து விற்பது அது. "கையால் மட்டும்" என்று இருந்தால் நல்ல சாமான்.

லேபிள் இல்லாவிட்டால் இழையைக் கொளுத்திப் பார்க்கலாம். மயிர் கருகும் மணம், தீயை எடுத்ததும் அணையும், சாம்பல் விரலில் நொறுங்கும் என்றால் கம்பளி. உருகிக் கறுத்த மணியாய் இறுகினால் அக்ரிலிக். கடதாசி எரிகிற மணமும் மெல்லிய சாம்பலும் பருத்திக்கு.

புல்லோவரின் கையில் இருந்து ஒரு துண்டு வெட்டி, 10 செ.மீ. சதுரத்தைப் பருத்தி நூலால் அடையாளம் போட்டேன். பீலியால் வடிந்த மழைத் தண்ணீரைப் பீப்பாவில் பிடித்துக் காய்ச்சினது. கிணற்றுத் தண்ணீரில் இந்த வேலை சரிவராது. இங்கே அது உவர், சவர்க்காரம் நுரைக்காமல் வெள்ளைத் திரையாய்த் திரண்டு கம்பளியில் ஒட்டும், காய்ந்த பின் துண்டு விறைத்து மாவாய் உதிரும். மழைத் தண்ணீரில் ஒரு விரல் சவர்க்காரமே போதும். நுரை கூடினாலும் கெடுதிதான், இழை வழுக்கிக்கொண்டு போகும், கொளுவாது.

இறப்பர்க் கையுறை போட்ட கை பொறுக்கிற சூடு. முதலில் மெதுவாய் அமத்த வேணும். இழைகள் பிடித்த பின்தான் தேய்க்கலாம். அதன் பிறகு பாயில் சுருட்டி உருட்டுவது. வெளிநாட்டில் மூங்கில் தட்டி பாவிப்பார்கள். நமக்குப் பன்பாய் இருக்கிறது, அதன் வரி இன்னும் நன்றாய்ப் பிடிக்கிறது. சாயம் போடாத பாய் எடுக்க வேணும். சிவப்பும் ஊதாவும் கலந்த பாயில் வெந்நீரும் சவர்க்காரமும் பட்டால் அந்தச் சிவப்பு முழுக்கக் கம்பளியில்தான். ஒரு பக்கம் ஐம்பது தரம், திருப்பிப் போட்டு ஐம்பது, பிறகு குறுக்குப் பக்கமாக. கடைசியில் பச்சைத் தண்ணீரில் அலசிப் பிழிந்து, மறுபடி வெந்நீர். கண்ணி கண்ணுக்குத் தெரியாமல் போகும் வரை.

10 செ.மீ. நீளத்தில் ஆறரை ஆயிற்று, அகலத்தில் எட்டு. பின்னிய துணி எப்போதும் நீளத்தில்தான் கூடச் சுருங்கும், வெட்டும் மாதிரியை அதுக்கேற்ப இழுத்து வரைய வேணும். கத்தரிக்கோலால் வெட்டிப் பார்த்தேன், ஓரம் ஒரு இழைகூட உதிரவில்லை.

நவம்பர் 24

ஃபெல்ட் காயவில்லை. கோலும் இல்லை. 80.

நவம்பர் 26

கொழும்புப் பாதையில் மன்னம்பிட்டியில் றோட்டுக்கு மேலால் தண்ணீர், பஸ் இல்லை. பார்சல் எங்கே நிற்கிறதோ. கரண்டும் இல்லை.

விளக்கு வெளிச்சத்தில் கறுப்பும் நீலமும் பின்னக்கூடாது. வெள்ளைத் தொப்பிக்கு ஓம். ஆனால் எத்தனை கண்ணி?

பேபி தொப்பிக்குப் பொத்தான், மணி, ரிபன், நாடா ஒன்றும் வேண்டாம். பூ வேணும் என்றால் நூலாலேயே தைத்துவிடலாம். இரண்டு நிறம் பின்னினால் உள்ளே தொங்கும் இழையில் விரல் சிக்கும், கால்மேசில் அது இன்னும் ஆபத்து, சின்னக் கால்விரலைச் சுற்றி இறுக்கிவிடும். ஒரே நிறம் போதும். வார்டில் சுடுதண்ணீரில் தோய்ப்பார்கள், கம்பளி என்றால் பொம்மைத் தொப்பியாகி வரும். ஆகவே அக்ரிலிக், அயன் படக்கூடாது. சூட்டில் ரிப்பின் இழுவை செத்துவிடும், பிறகு திரும்பாது.

நவம்பர் 27

மருதமுனையில் இருந்து தறி மிச்ச நூல் கொண்டுவந்து தந்தார்கள், வெள்ளை, 2/40. லொட் பார்சலை நம்பி இருக்கத் தேவையில்லை போல இருக்கிறது.

2/40 என்றால் 40ஆம் நம்பர் நூல் இரண்டு சேர்த்து முறுக்கினது, தடிப்பில் 20ஆம் நம்பர் ஒற்றைக்குச் சமன். ஒரு நம்பருக்கு இறாத்தலுக்கு 840 யார், அப்போ 20க்கு 16,800 யார். கிராமுக்கு 34 மீற்றர் அளவில். எட்டு இழை சேர்த்தால் 100 கிராமுக்கு 420 மீற்றர், அது 4 பிளைத் தடிப்பு. போர்வை 8 பிளை என்பதால் பதினாறு இழை, 210 மீற்றர். கடைப் பருத்தி நூலோடு பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் தெரியாது.

பதினாறையும் தனித்தனிக் கண்டில் இருந்து நேரே கொக்கிக்கு எடுத்தால் ஒன்று தொய்யும், ஒன்று இறுகும், கரையில் மொட்டு மொட்டாய்க் கண்ணி தள்ளும். முதலில் எல்லா இழையையும் ஒரே பந்தாய், ஒரே இழுவையில் சுற்ற வேணும். கொக்கியும் அரை மி.மீ. பெரிசாய், வாய் உருண்டதாய். கூர் வாய் இழைகளுக்கு நடுவால் புகும்.

பாவு நூல் (தறியில் நீளவாக்கில் ஓடுவது) என்றால் கஞ்சி ஏறியிருக்கும். தோய்க்காமல் பின்னினால் பின்னும்போது விறைக்கும், முதல் தோய்ப்பில் சுருங்கிக் கரையை இழுக்கும். கஞ்சி இருக்கும் வரை இராமபாணப் பூச்சியும் தேடி வரும். கண்டை நாலு இடத்தில் தளரக் கட்டி, வெந்நீரில் ஊறவிட்டு அலசினேன். தண்ணீர் கொழகொழத்து வந்தது, பாவுதான்.

பூச்சிக்கு நப்தலின் உருண்டை போடச் சொல்கிறார்கள். பச்சைப் பிள்ளையின் சாமானுக்குப் பக்கத்தில் அது வரவே கூடாது. சில பிள்ளைகளுக்கு அந்த வாசமே இரத்தச் சிவப்பணுவை உடைக்கும், மஞ்சள் காமாலை கடுமையாகும். காய்ந்த வேப்பிலை, இறுகப் பூட்டும் டப்பா, அவ்வளவுதான்.

நவம்பர் 28

வெள்ளைக்குப் பக்கத்தில் மயில் நீலம் சாயம் விடுமா? ஒரு முழ நூலை வெந்நீரில் நனைத்து வெள்ளைத் துணிக்குள் மடித்து அமத்தி வைத்தேன். விடியப் பார்க்க வேணும்.

உப்புப் போட்டால் சாயம் நிற்கும், வினாகிரி விட்டால் நிற்கும் என்று எல்லா வீட்டிலும் சொல்வார்கள். பருத்தியில் பிடிக்காமல் மேலே கிடக்கும் சாயத்தை இரண்டும் பிடித்து வைக்காது. தண்ணீர் தெளியும் வரை வெந்நீரில் அலசிப் போக்குவதுதான் மருந்து.

நவம்பர் 29

துணி வெள்ளையாகவே இருக்கிறது. ஒரு கவலை குறைந்தது.

நவம்பர் 30

பார்சல் வந்தது. லொட் 4431.

எல்.ஈ.டி. வெளிச்சத்தில் ஒன்றுதான். வாசலில் பகல் வெளிச்சத்தில் வைத்தால் புதிது ஒரு சொட்டுப் பச்சை. போனில் கறுப்பு வெள்ளையில் படம் எடுத்துப் பார்த்தேன், அடர்த்தி ஒன்றாய்த்தான் இருக்கிறது. நிறம்தான் சாய்கிறது. "யாருக்குத் தெரியும் அக்கா" என்றான் பார்சல் கொண்டுவந்த தம்பி. எனக்குத் தெரியும். போர்வையின் நடுவில் என்றால் இரண்டு லொட்டையும் இரண்டிரண்டு வரியாய் மாற்றி மாற்றிப் போட்டுக் கண்ணை ஏமாற்றலாம். கரையில் ஒரே நேர்கோடாய்த் தெரியும்.

4431 அலுமாரிக்கு.

டிசம்பர் 1

மாலை கோல். இன்றிரவாம், அல்லது நாளையாம். வேறொன்றும் சொல்லவில்லை. 80 என்று எழுதி, அடித்து, 72 என்று எழுதினேன். 72 சின்னது.

டிசம்பர் 2

கரை. அடுப்படியில் காய்ந்த 29 கிராமில் டபுள் சுற்று, முடிய 11. அதன் மேலே மருதமுனை வெள்ளையில் ஒரு சிங்கிள் சுற்று. கடைசிக்கு மயில் நீலத்தில் நண்டுத் தையல். சிங்கிள்தான், ஆனால் இடப்பக்கம் போகாமல் வலப்பக்கம் பின்னோக்கிப் போவது. கொக்கியை அடுத்த வலக் கண்ணியில் குத்தி, நூலை இழுத்து, கொக்கியின் வாயைக் கீழே திருப்பிக்கொண்டு முடிக்க வேணும். அது கயிறு முறுக்கினது போல விழும், கரை இழுபடாது. கை இறுகும் தையல் என்பதால் கொக்கி ஒரு அளவு பெரிசு. மூலையில் ஒரே கண்ணியில் இரண்டு, இல்லாவிட்டால் மூலை சுருளும்.

மூன்றாம் பக்கம் முடிய 4 கிராம். நாலாம் பக்கமும் பின்னி முடிய ஒன்றரை மீற்றர் அளவில் மிஞ்சியது, நுனி மறைக்க அது காணும். நுனியை ஒரு பக்கம் மட்டும் ஓட்டினால் பருத்தி வழுக்கி வெளியே வரும். மூன்று தரம் திசை மாற்றி ஓட்டினேன்.

நித்திரை இல்லை.

டிசம்பர் 3

4.40க்கு மெசேஜ். "31 பெரியம்மா". வேறொரு சொல் இல்லை.

31இல் 2 போக 29. 29ஐ 2.8 ஆல் பெருக்க 81. 80.

4 மி.மீ. ஊசியில் ஏற்றினேன், ஓரம் இறுகி நெற்றியில் கோடு போடக்கூடாது. முதல் வரியிலேயே 3.25க்கு மாற்றம். வட்டமாய்ச் சேர்க்க முன் கண்ணிகளின் அடி எல்லாம் உள்பக்கம் பார்க்கிறதா என்று ஊசி ஊசியாய்த் தடவிப் பார்க்க வேணும், ஒரு முறுக்கு விழுந்தால் கடைசி வரை திருத்த முடியாது. ரிப் 10 வரி, வெறும் பின்னல் ஓரம் சேர்த்து 7 செ.மீ. வரை, பிறகு எட்டுப் பின்னி இரண்டை ஒன்றாக, ஒரு வரி விட்டு ஒரு வரி. 8 கண்ணி மிஞ்சும் வரை. உயரம் 12இல் நிற்கும்.

ரிப் ஆறாவது வரி. 7 மணி பஸ்ஸுக்கு முடியாது, 10