மூலிகையை விட ரத்தம்தாங்க படுத்துச்சு

தொண்டைப் புண் கிருமி மேல மூலிகை எக்ஸ்ட்ராக்ட் டெஸ்ட் பண்ணப் போறீங்களா, அப்ப அரைக்கிறது, ஊற வைக்கிறது, ரோட்டரி எவாப்பரேட்டர்ல கரைப்பானை ஆவியாக்கறது இதெல்லாம் பத்தி ரொம்ப யோசிக்காதீங்க, அது தானா நடந்துடும். என்னை ஓட ஓட விட்டது மத்ததுதான்.

முதல்ல எத்திக்ஸ் கமிட்டி ஆபீஸ். நோயாளி தொண்டையில ஸ்வாப் எடுக்கணும்னா அவங்க மொழியிலயே சம்மதப் படிவம் வேணும்னு ஃபைலைத் திருப்பிட்டாங்க, சரி, நியாயம்தான், ஆனா அதை முதல் தடவை போனப்பவே அந்த கிளார்க் சொல்லியிருக்கலாம்ல?

அடுத்தது ஸ்டோர். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பயோஜீன்ஸ், அதாவது நம்ம தொண்டைப் புண் கிருமி, வெறும் அகர்ல (கிருமி வளர்க்கற ஜெல்லி) சரியா வளராது, முல்லர் ஹிண்டன்ங்கிற அகர்ல 5% செம்மறி ஆட்டு ரத்தம் சேர்க்கணும். ஸ்டோர்காரர் "ரத்தம்னா ரத்தம்தானே"ன்னு ரத்த வங்கில எக்ஸ்பையரி ஆன பையைத் தூக்கிக் கொடுத்தார். அதுல ரத்தம் உறையாம இருக்கப் போட்டிருக்கிற சிட்ரேட்டே இந்தக் கிருமியை அமுக்கும், போதாததுக்கு கொடுத்தவரோட ஆன்டிபாடி வேற. காலனி ஏதோ பேருக்கு வந்துச்சு. ஃபைப்ரின் (ரத்தத்தை உறைய வைக்கிற நார்) நீக்கின செம்மறி ஆட்டு ரத்தம்னு ஸ்டோருக்குக் கொடுக்கற இன்டென்ட்ல தெளிவா எழுதி, கையெழுத்து வாங்கி வச்சுக்கோங்க.

இனிமேதான் முக்கியமான கூத்து. அகர்ல குழி போட்டு கண்டங்கத்திரி எக்ஸ்ட்ராக்ட் ஊத்தினா, அந்தக் குழியைச் சுத்தி பளிச்னு ஒரு வட்டம், லேப்ல ஆளாளுக்கு போட்டோ எடுக்கறாங்க, "சூப்பர் சோன்"னு (சோன்னா கிருமி வளராம நிக்கிற வட்டம்) ஒரே பாராட்டு. எனக்கு மட்டும் இடிச்சுது, ஏன்னா இது பீட்டா ஹீமோலைடிக் கிருமி, அது வளர்ற இடத்துலதான் ரத்தம் உடைஞ்சு வெளிறும், வளராத இடம் சிவப்பா நிக்கணும், அதே பிளேட்ல பென்சிலின் டிஸ்க்கைச் சுத்தி அப்படித்தான் செவசெவன்னு இருந்துச்சு. பிளேட்டை லைட்டுல சாய்ச்சுப் பாத்தா குழி ஓரம் வரைக்கும் மெல்லிசா சாம்பல் படலம், கிருமி ஜம்முனு வளர்ந்திருக்கு! கிருமியே போடாம எக்ஸ்ட்ராக்ட் மட்டும் ஊத்தி ஒரு பிளேட் வச்சேன், அதே வட்டம். கண்டங்கத்திரியில சப்போனின் இருக்கு, அது சிவப்பணுவை உடைக்கும், அவ்வளவுதான் விஷயம். சோன் அளக்கும்போது வளர்ச்சி நின்ன இடத்தைத்தான் அளக்கணும், ரத்தம் வெளிறின இடத்தை இல்ல. கைடுகிட்ட ரெண்டு பிளேட்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சேன், மனுஷன் ஒண்ணும் பேசாம அந்த போட்டோவை பிபிடில இருந்து எடுத்துட்டார் :)

எக்ஸ்ட்ராக்டைக் கரைக்கற டிஎம்எஸ்ஓ மட்டும் ஊத்தின குழி ஒண்ணு எல்லா பிளேட்லயும் கண்டிப்பா வேணும், அதுவே கிருமியை அமுக்கலாம்.

எம்ஐசி, அதாவது கிருமி வளர்ச்சியை நிறுத்தற குறைஞ்ச அளவு, பாக்கறதுல இன்னொரு தலைவலி. எக்ஸ்ட்ராக்ட் கஷாயக் கலர்ல இருந்தா கலங்கியிருக்கா (கிருமி வளர்ந்திருக்கா) தெளிஞ்சிருக்கான்னே தெரியாது. உயிருள்ள கிருமி இருந்தா ரோஸ் ஆகற ரெசாசுரின் சாயம் போடுன்னாங்க, போட்டா கிருமி இல்லாத கிணத்துலயும் (தட்டுல இருக்கற குட்டிக் குழி) ரோஸ் ஆகுது, செடில இருக்கிற பீனால் சரக்கே அந்த வேலையைப் பண்ணுது. கடைசில ஒவ்வொரு கிணத்துல இருந்தும் ஒரு சொட்டு எடுத்து பிளட் அகர்ல வச்சு, மறுநாள் வளருதான்னு பாத்து, அதை எம்ஐசின்னு இல்லாம எம்பிசின்னுதான் (கிருமியைக் கொல்ற குறைஞ்ச அளவு) எழுதினேன். கை வலிக்கும், ஆனா வைவால எவனும் வாய் திறக்க முடியாது.

உருப்படியா நின்னது கிராம்பு. அதுவும் பென்சிலின் பக்கத்துல வச்சா குட்டியூண்டு சோன்தான். அப்படியே எழுதிட்டேன்.