விழுந்து எழும்போது குத்தாதே

யாங்கோனில் கரண்ட் வந்தால்தான் எங்களுக்கு ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 என்ற சண்டை வீடியோ கேம். ஞாயிற்றுக்கிழமை மாமா மகனிடம் ஒன்பது ஆட்டம் தோற்றேன். "விழுந்து எழுந்ததும் குத்துறே மச்சான், எனக்கு யோசிக்கவே வேலை இல்லை" என்றான். எரிச்சலாகத்தான் இருந்தது. கரண்ட் போனதும், போனில் எடுத்து வைத்திருந்த ஆட்டங்களை மொட்டை மாடியில் உட்கார்ந்து பார்த்தேன். அவன் சொன்னது சரிதான். தடுத்து நின்றால் என்னைப் பிடித்து எறிவான். அந்த அடி சிறியது. அதற்குப் பயந்து குத்தப் போய், முழு காம்போவை, அதாவது தொடர் அடிகளை, வாங்கியிருக்கிறேன்.

அப்புறம் டிரைவ் இம்பாக்ட் என்ற பலத்த அடி. அது வந்து விழ 26 ஃபிரேம், அதாவது திரையில் 26 படம்; விநாடிக்கு 60 ஃபிரேம் கணக்கில் அரை விநாடிக்கும் குறைவு. அதையே எதிர்பார்த்திருந்தால் பதிலுக்கு நாமும் இம்பாக்ட் கொடுக்க நேரம் இருக்கிறது. நானோ அவன் தாவுவானா, ஓடி வருவானா என்று எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது மூலையில் மாட்டினால் இம்பாக்டை மட்டும் பார்க்கிறேன். தாவினால் அடி வாங்கிக்கொள்வேன், போகட்டும்.

நேற்று நாலுக்கு மூன்று என் பக்கம். எட்டாவது ஆட்டம் பாதியில் கரண்ட் போய்விட்டது.