பெரிக்கிளீஸ்: மேடையில் பார்க்க வேண்டிய நாடகம்

ஷேக்ஸ்பியர் என்றதும் ஹாம்லெட், மக்பெத், ஒத்தெல்லோ என்று சொல்லிக்கொண்டே போவோம், பெரிக்கிளீஸ் யார் வாயிலும் வராது. அதை முதல்முறையாக மேடையில் பார்த்தேன். அந்த ஐந்தாம் அங்கம் இன்னும் மனசைவிட்டுப் போகவில்லை.

1623இல் வந்த ஷேக்ஸ்பியர் நாடகங்களின் முதல் தொகுப்பில் இந்த நாடகம் கிடையாது. 1609இல் தனியாக அச்சான, பிழைகள் மலிந்த பிரதியை வைத்துத்தான் இன்றுவரை நடிக்கிறார்கள். முதல் இரண்டு அங்கங்கள் அதே காலத்து நாடகாசிரியர் ஜார்ஜ் வில்கின்ஸ் எழுதியவை என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து, படித்தாலே அந்தத் தொய்வு தெரியும். ஆனால் மூன்றாம் அங்கத்தில் புயல் தொடங்கியதும் எல்லாம் மாறிவிடுகிறது. நடுக்கடலில் பிரசவம், மனைவி தைசா இறந்துவிட்டாள் என்கிறார்கள், பிணம் கப்பலில் இருந்தால் புயல் அடங்காது என்று மாலுமிகள் வற்புறுத்த, அவளைப் பெட்டியில் வைத்துக் கடலில் இறக்குகிறான் பெரிக்கிளீஸ். பச்சைக்குழந்தை மரீனா அவன் கையில். (தைசா எபேசஸ் நகரில் கரையொதுங்கி உயிர்பிழைப்பது நமக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது.)

பல வருஷம் கழித்து, மகளும் செத்துவிட்டாள் என்று நம்பி, மூன்று மாதமாக யாருடனும் பேசாமல் கிடக்கிறான். அவனைப் பேசவைக்க ஒரு பெண்ணைக் கூட்டி வருகிறார்கள். அவள்தான் மரீனா, இருவருக்குமே அது தெரியாது. அவள் பாடுகிறாள், அவன் பிடித்துத் தள்ளுகிறான், அப்புறம் மெல்ல ஒவ்வொரு கேள்வியாகக் கேட்கிறான். பெயர் என்ன, எங்கே பிறந்தாய், அம்மா யார். இதைப் படித்தபோது, பதில்தான் தெரிந்துவிட்டதே, ஏன் இத்தனை கேள்வி என்று தோன்றியது. மேடையில் அந்த நடிகர் ஒவ்வொரு பதிலுக்கும் ஓரடி பின்வாங்கினார், நம்பிவிட்டு மறுபடி இழக்க அவருக்குத் தெம்பில்லை. காட்சி முழுக்க அந்தத் தயக்கத்தில்தான் நிற்கிறது. ஷேக்ஸ்பியரின் லியர் அரசனும் அவன் மகள் கார்டீலியாவும் மறுபடி சந்திக்கும் காட்சிக்குச் சமமாக இதை வைப்பேன், தயங்காமல்.

ஒரு குறை மட்டும் உண்டு. எபேசஸில் டயானா தேவியின் கோயிலில் இத்தனை காலம் இருந்த தைசாவிடம் மகள் வந்து மண்டியிடும்போது, இருவருக்கும் ஆளுக்கு ஒரு வாக்கியத்துக்கு மேல் பேச்சில்லை. அப்பாவுக்கு அவ்வளவு நேரம் கொடுத்த நாடகம் அம்மாவுக்கும் கொஞ்சம் கொடுத்திருக்கலாம்.