இறுதியாண்டு ப்ராஜெக்ட்: பொது நிரலை எங்கே வைப்பது?

சிறு விவசாயிகளின் பச்சைத் தேயிலைக் கணக்குக்கு ஒரு செயலி, மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கும் கேரட் மூட்டைகளுக்கு இன்னொன்று. இரண்டிலுமே தேதியை மாற்றவும், தொகையை 1,25,000 என்று காற்புள்ளியோடு காட்டவும் நிரல் வேண்டும். பலரும் பழைய ஃபைலைக் காப்பி செய்து போட்டுவிடுகிறார்கள். ஒன்றில் பிழையைத் திருத்தினாலும் மற்றதில் அது கிடக்கும். எது சரியான பிரதி என்று வைவாவில் கேட்டால் விழிக்க வேண்டியதுதான்.

இரண்டாவது ப்ராஜெக்ட் வரை காப்பி செய்வதில் தப்பில்லை. மூன்றாவதிலும் தேவைப்பட்டால் அதைத் தனி நூலகமாக, அதாவது எல்லா ப்ராஜெக்ட்டும் எடுத்துப் பயன்படுத்தும் பொது நிரல் தொகுப்பாகப் பிரியுங்கள். அவசரப்பட்டுப் பிரித்தால் எது பொது, எது அந்த வேலைக்கு மட்டும் உரியது என்றே பிடிபடாது.

ரூபாய், தேதி இரண்டும் நூலகத்துக்குள் போகலாம். மழை நாளில் இலை ஈரத்துக்குக் கழிக்கும் எடை போகக்கூடாது. அந்த விதி ஃபாக்டரிக்கு ஃபாக்டரி மாறலாம். கழிவு சதவீதத்தை ப்ராஜெக்ட்தான் கொடுக்க வேண்டும். ப்ராஜெக்ட் நூலகத்தை இம்போர்ட் செய்யலாம். நூலகம் ப்ராஜெக்ட்டை இம்போர்ட் செய்யத் தொடங்கினால் ஒன்றையொன்று தேடும் வட்டச் சிக்கல்தான். பணத்தை ஃப்ளோட்டில் (தசமத்தைத் தோராயமாக வைக்கும் எண் வகை) வைக்காதீர்கள்: பைத்தானில் 0.1 + 0.2 சரியாக 0.3 ஆகாது. பைசாவை முழு எண்ணாக வையுங்கள், இல்லையென்றால் தசமத்தை அப்படியே வைக்கும் டெசிமல் வகையில். நூலகத்துக்கு 'யூட்டில்ஸ்' என்று பெயர் வைக்காதீர்கள். ப்ராஜெக்ட் ஃபோல்டரிலும் அதே பெயரில் ஃபைல் இருந்தால் பைத்தான் நூலகத்தை விட்டு அந்த ஃபைலைத்தான் முதலில் எடுக்கும்.

நூலகத்துக்குத் தனி கிட் ரெப்போ (மாற்றங்களின் வரலாற்றோடு நிரலைச் சேமிக்கும் இடம்), அதற்குள் நிரலுக்கு எஸ்ஆர்சி ஃபோல்டர், சோதனைகளுக்கு டெஸ்ட் ஃபோல்டர், நூலகத்தின் பெயர், பதிப்பு போன்றவற்றைச் சொல்லும் பைப்ராஜெக்ட் டாமல் ஃபைல். எழுதும் காலத்தில், பைத்தான் நூலகங்களை நிறுவும் கருவியான பிப்பின் எடிட்டபிள் முறையில் நிறுவினால், திருத்தம் உடனே ப்ராஜெக்ட்டில் தெரியும். சப்மாட்யூல் (ஒரு ரெப்போவுக்குள் இன்னொரு ரெப்போவை இணைப்பது) வேண்டாம் என்பது எங்கள் கருத்து: ப்ராஜெக்ட்டைச் சாதாரணமாக க்ளோன் செய்து பிரதி எடுத்தவருக்குக் காலி ஃபோல்டர்தான் கிடைக்கும், டெமோ அன்றைக்குத்தான் அது தெரியவரும்.

வேலை ஒரு கட்டத்துக்கு வந்ததும் கிட்டில் டேக் போடுங்கள், அதாவது அந்த நிலைக்கு ஒரு பதிப்பு எண்ணைப் பெயராகக் கொடுங்கள். 1.4.2-இல் கடைசி எண் பிழை திருத்தம், நடு எண் பழையதை உடைக்காத புது வசதி, முதல் எண் உயர்ந்தால் பழைய அழைப்புகள் உடையலாம். ப்ராஜெக்ட்டுக்குத் தேவையான நூலகங்களைப் பட்டியலிடும் ரெக்வயர்மென்ட்ஸ் ஃபைலில், மாறிக்கொண்டே இருக்கும் மெயின் கிளையைக் குறிக்காமல் டேக்கையே குறியுங்கள். இல்லையென்றால் நண்பர் நேற்றிரவு மாற்றியது உங்கள் டெமோவில் வந்து நிற்கும்.

ஐப்பசி மழையில் குன்னூர், கோத்தகிரிப் பக்கம் மரம் சாய்ந்து கரண்ட்டும் நெட்டும் போவது புதிதல்ல. நெட் இருந்தாலும் நம்ப முடியாது: 2016 மார்ச்சில் லெஃப்ட்-பேட் என்ற 11 வரி நூலகம், ஜாவாஸ்கிரிப்ட் நூலகங்களின் இணையக் கிடங்கான என்பிஎம்மிலிருந்து நீக்கப்பட்டதும் எத்தனையோ பேரின் பில்டு உடைந்தது. எனவே பிப் வீல் கட்டளையால் எல்லா நூலகங்களையும் வீல் ஃபைல்களாக்கி (நிறுவத் தயாரான வடிவம்) பென்டிரைவில் வையுங்கள். நிறுவும்போது இணையக் கிடங்கைத் தேடாதே என்னும் நோ-இண்டெக்ஸ், இந்த ஃபோல்டரில் தேடு என்னும் ஃபைண்ட்-லிங்க்ஸ் இரண்டும் பிப்புக்குக் கொடுக்க வேண்டும். ரெக்வயர்மென்ட்ஸில் கிட் முகவரி இருந்தால் அப்போதும் பிப் நெட்டைத் தேடும். ஆகவே பெயரும் பதிப்பும் மட்டும் உள்ள இன்னொரு ஃபைல் தேவை. நம்பை (எண் கணக்குக்கான பைத்தான் நூலகம்) போன்றவற்றின் வீல், பைத்தான் பதிப்புக்கும் இயங்குதளத்துக்கும் கட்டுப்பட்டது. லேபில் விண்டோஸ், உங்களிடம் லினக்ஸ் என்றால் லேப் கணினி ஒன்றிலேயே அதை உருவாக்கிக்கொள்ளுங்கள்.