பானையின் தோளில் ஓர் அணில்

பானையின் மீது நான் முதன்முதலாகச் செய்த உருவம் ஓர் அணில். வயிற்றிலிருந்து தோளுக்கு ஏறி, கழுத்தில் முன்னங்கால்களை ஊன்றி, வாய் விளிம்புக்கு மேலே தலையை நீட்டி உள்ளே எட்டிப் பார்ப்பதுபோல அதை அமைத்திருந்தேன். இரண்டு நாள் கழித்து, மூடியிருந்த பாலிதீன் உறையை விலக்கியபோது, அணிலின் உடலைச் சுற்றி முடி இழை போன்ற விரிசல் ஒன்று ஓடியிருந்தது. விரல் பட்டதும் அணில் முழுதாகக் கையோடு வந்துவிட்டது. அது இருந்த இடத்தில், ஒட்டுவதற்காக நான் கீறிய கோடுகள் அப்படியே இருந்தன. அவற்றை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒட்டிய முறையில் பிழை இல்லை, ஒட்டிய நேரத்தில்தான் பிழை என்பது பிறகுதான் புரிந்தது.

களிமண் காயும்போது சுருங்கும் என்பது மண்ணைத் தொட்ட எவருக்கும் தெரியும். பெரும்பாலான களிமண் வகைகள் முழுதாக உலர்வதற்குள் நீளத்தில் ஏறத்தாழ 5 முதல் 8 சதவீதம் குறைந்துவிடுகின்றன. 10 சென்டிமீட்டர் நீளமுள்ள அணில் உலர்ந்து முடிக்கையில் அரை சென்டிமீட்டரோ அதற்கு மேலோ சிறுத்துவிடும். ஆனால் அன்று என் பானை ஏற்கெனவே பாதிக்கு மேல் உலர்ந்து, தன் சுருக்கத்தின் பெரும்பகுதியை முடித்திருந்தது. ஈர அணில் சுருங்கச் சுருங்க, அசையாத பானைக்கும் அதற்கும் நடுவில், ஒட்டுவதற்காகத் தடவிய மண்கூழ் அந்த இழுப்பைத் தாங்க முடியாமல் விட்டுக்கொடுத்துவிட்டது.

ஆகவே உருவமும் பானையும் ஒரே பதத்தில் இருக்க வேண்டும். நகம் பதிய வேண்டும், விரல் அமுங்கக் கூடாது. தோல் பதம் என்று சொல்லப்படும் நிலை அதுதான். இப்போதெல்லாம் அணிலைத் தனியே செய்து, பானையோடு ஒரே உறைக்குள் ஓர் இரவு வைத்துவிடுகிறேன். காலையில் இரண்டையும் கன்னத்தில் வைத்துப் பார்ப்பேன். ஈரம் மிகுந்த மண் கூடுதலாகச் சில்லென்றிருக்கும். கண்ணுக்குத் தெரியாத வேறுபாடுகூடக் கன்னத்துக்குத் தெரிந்துவிடும்.

ஒட்டும் வேலையை விளக்க அதிக நேரம் ஆகாது. இரண்டு பரப்புகளையும் ஊசியால் குறுக்கும் நெடுக்குமாக ஆழக் கீறி, அதே மண்ணைக் கரைத்த கூழைத் தடவி, இடம் வலமாகச் சற்றே அசைத்து அழுத்த வேண்டும். கூழ் ஓரங்களில் பிதுங்கி வந்தால் உள்ளே காற்று தங்கவில்லை என்று கொள்ளலாம். பிறகு மெல்லிய மண் திரி ஒன்றை உருட்டி, இணைப்பைச் சுற்றிப் பதித்து, மரக்குச்சியால் தேய்த்து இரு பக்கமும் கரைத்துவிட வேண்டும். இவ்வளவு நேரமும் மற்றொரு கை பானைக்குள் இருந்து, அழுத்தும் இடத்துக்கு நேராகச் சுவரைத் தாங்கிக்கொண்டிருக்க வேண்டும். வாய் குறுகிய பானைக்குள் கை நுழையாது என்பதால், உருவம் வைக்க எண்ணிய பானையின் கழுத்தை நான் கடைசியில்தான் குறுக்குகிறேன்.

ஆனால் உள்ளே இருந்து தாங்கும் அந்தக் கைதான் எனக்கு இந்தக் கலையின் வாசலைத் திறந்துவிட்டது. ஒருநாள், சற்று இளகிய பதத்தில் இருந்த பானைச் சுவரை உள்ளிருந்து இரு விரல்களால் தாங்கியபோது, தேவைக்கு மேல் அழுத்திவிட்டேன். சுவர் வெளிப்பக்கம் மெல்லப் புடைத்தது. அந்தப் புடைப்பு, குந்தியிருக்கும் ஒரு விலங்கின் முதுகாகவே எனக்குத் தெரிந்தது. இன்னும் கொஞ்சம் தள்ளினேன். பின்தொடையின் உருட்சியும் வந்துவிட்டது. வெளியில் நான் சேர்க்க வேண்டியிருந்தது தலை, கால் விரல்கள், வால் ஆகியவை மட்டுமே. உடலுக்கும் பானைக்கும் நடுவில் இணைப்பே இல்லாததால் அங்கே விரிசல் விட வழியில்லை. அதைவிடப் பெரிது, அந்த விலங்கு பானைக்குள்ளிருந்து வெளியே வந்துகொண்டிருப்பதுபோல இருந்தது. பின்னால் ஒட்டிய எந்த உருவத்திலும் அந்த உயிர்ப்பை நான் கண்டதில்லை. அன்று முதல், உருவத்தை எங்கே வைப்பது என்று யோசிப்பதை விட்டு, இந்தப் பானையின் வளைவு எந்த விலங்கின் வளைவு என்று பார்க்கத் தொடங்கினேன். அகன்ற தோள் ஆமையின் ஓட்டைத் தருகிறது. நீண்டு சரியும் கழுத்து கொக்குக்கு உரியது. உருண்டு திரண்ட வயிற்றில் தவளையைத் தவிர வேறெதையும் பார்க்க என்னால் முடிவதில்லை.

இந்த எண்ணம் மிகப் பழையது. மேற்கு மெக்சிகோவின் கொலிமா பகுதியில், சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன் கல்லறைகளில் வைக்கப்பட்ட நாய் வடிவக் கலங்களில் கலம் வேறு, நாய் வேறு என்று பிரிக்கவே முடியாது. கொழுத்த வயிறுதான் கலத்தின் வயிறு. சிலவற்றில் வாலே குழாய் வாயாக இருக்கிறது. உள்ளே முழுக்க வெற்றிடம்.

வெற்றிடம் அழகுக்காக மட்டும் அல்ல. என் இரண்டாவது அணில் சூளையில் வெடித்தது. அதன் உடல் 4 சென்டிமீட்டர் தடிமனுள்ள திட மண். மேல்தோல் உலர்ந்து வெளுத்திருந்தாலும் நடுவில் ஈரம் இருந்தது. காற்றுக் குமிழிதான் மண்ணை வெடிக்கச் செய்கிறது என்று பலரும் சொல்கிறார்கள். உண்மையில் வெடிக்கச் செய்வது நீர். 100 டிகிரி செல்சியஸில் நீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 1,600 மடங்கு விரிகிறது. அந்த ஆவி வெளியேற வழியும் நேரமும் இல்லையென்றால் மண் பிளந்து வழிவிடும். எனவே தடித்த உடலைக் குடைந்து, எங்கும் ஒரு விரல் தடிமனுக்கு மிகாமல் பார்த்துக்கொள்கிறேன். வயிற்றுக்கடியில் ஊசியால் சிறு துளை ஒன்றும் இடுகிறேன். சூளையை 80, 90 டிகிரியில் ஓர் இரவு முழுக்க நிறுத்தி வைப்பதும் அதற்காகவே. 573 டிகிரியில் மண்ணிலுள்ள குவார்ட்ஸ் என்ற கனிமம் திடீரென விரிகிறது, ஆறும்போது அதே புள்ளியில் சுருங்குகிறது. தடித்த உடலும் மெல்லிய சுவரும் சேர்ந்த பானைக்கு அந்த இரண்டு கட்டத்திலும் நிதானம் வேண்டும்.

நுணுக்கத்தைப் பற்றிச் சொல்ல ஒன்று உண்டு. 16ஆம் நூற்றாண்டில் பிரான்சில் வாழ்ந்த பெர்னார் பலிசி என்ற மட்கலைஞர், பாம்பு, பல்லி, தவளை போன்ற உண்மையான உயிரினங்களின் உடல்களிலிருந்தே அச்செடுத்துத் தட்டுகளில் பதித்தார். ஒவ்வொரு செதிலும் அவற்றில் இருக்கிறது. அந்தத் திறமையின் முன் தலை வணங்குகிறேன். ஆயினும் கையால் செய்த பானையில், செதில்களின் எண்ணிக்கையைவிட உடலின் எடை எந்தக் காலில் நிற்கிறது என்பதே முக்கியம் என்பது என் கருத்து. அணிலின் உடலில் முடியைக் கீற நான் அவசரப்படுவதில்லை. ஈர மண்ணில் கீறினால் ஓரங்களில் பிசிறு எழும். சுட்டபின் அது கையைக் கிழிக்கும். மண் நன்கு இறுகியபின் நாலைந்து கோடுகள் போதும். கண்ணுக்கு ஓர் ஆழமான ஊசிக்குத்து. மேலே மெல்லிய மண் இழையால் இமை. அந்த இமையின் நிழல் குழிக்குள் விழும்போது பார்வை பிறந்துவிடுகிறது. இமையை அரை மில்லிமீட்டர் கீழே இறக்கினால் அதே அணில் உறங்கத் தொடங்கும்.

கிளேஸ் எனப்படும் கண்ணாடிப் பூச்சைத் தடிமனாக ஊற்றினால், அது உருகிக் குழிகளில் தேங்கி, இத்தனை வேலையையும் மூடிவிடும். முதல் சூட்டுக்குப் பிறகு இரும்பு ஆக்சைடு கரைசலை உருவத்தின் மேல் பூசி, ஈரமான ஸ்பாஞ்சால் துடைத்துவிடுகிறேன். மேடுகளில் மண்ணின் நிறம் வெளிப்படுகிறது, கோடுகளிலும் கண்ணிலும் மட்டும் கருமை தங்குகிறது.

இப்போது பலகையில் ஒரு பானை இருக்கிறது. அணிலின் உடல் சுவரிலிருந்தே எழுந்தது. வாலும் காதுகளும் மட்டும் சேர்த்தவை. மெல்லியவை முந்திக் காய்ந்து பிரிந்துவிடக் கூடாது என்பதற்காக அவற்றின் மேல் ஈரத்துணித் துண்டுகளைச் சுற்றி, முழுவதையும் பாலிதீனால் தளர்வாக மூடியிருக்கிறேன். நான்கு நாட்களாக ஒவ்வொரு காலையும் உறையைத் திறந்து, உள்ளே துளிர்த்த நீரைத் துடைத்து, உட்புறத்தை வெளிப்புறமாகத் திருப்பி மீண்டும் மூடுகிறேன். இன்று காலை துடைக்க நீர் அதிகம் இருக்கவில்லை. நாளை காதுகளின் துணியை எடுப்பேன். வாலுக்கு இன்னும் ஒரு நாள் தேவைப்படும்.